முதல் கதையை இணைய இதழுக்கு அனுப்புவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தர தமிழில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். எழுதி முடித்த கதையை ஒரு இணைய இதழுக்கு எப்படி அனுப்புவது, எந்த ஃபைலில் அனுப்புவது, எத்தனை நாள் காத்திருப்பது, பதிலே வராவிட்டால் கேட்கலாமா கூடாதா என்று கேட்டுப் பாருங்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றுவதில்லை போல. நான் தட்டுத் தடுமாறி, ஆளாளுக்கு ஒன்று சொல்லக் கேட்டுக் குழம்பித்தான் இதைக் கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது ஆசிரியர் பாடு. ஆனால் கதையின் முதல் வரிக்குப் போவதற்கு முன்பே அவர் மெயிலை மூடிவிடும்படி நாம் எதையும் செய்துவைக்கக் கூடாது. கீழே இருப்பதெல்லாம் அதற்கான வேலைகள்.

1. இதழைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

எல்லா இதழுக்கும் எல்லாக் கதையும் ஒத்துவராது. அரூ அறிவியல் புனைவு, கனவுருப்புனைவு (ஃபேன்டசி) போன்றவற்றுக்காக நடப்பது. உங்கள் கதை கிராமத்துக் குடும்பச் சண்டை என்றால் அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே இடமிருக்காது. நீலி பெண்ணெழுத்தை மையமாக வைத்தது. மலேசியாவிலிருந்து வரும் வல்லினத்தின் அக்கறைகள் வேறு, கனடாவிலிருந்து வ.ந.கிரிதரன் நடத்தும் பதிவுகள் இதழின் சுபாவம் வேறு. திண்ணை வார இதழாக நடப்பது, சொல்வனம் மாதம் இருமுறை வருவது. மாத இதழ், இருமாத இதழ், காலாண்டிதழ் என்று மற்றவை. அடிக்கடி வரும் இதழில் இடம் அதிகம், பதிலும் கொஞ்சம் சீக்கிரம் வரலாம். காலாண்டிதழில் ஒரு இதழ் தவறினால் அடுத்ததற்கு மூன்று மாதம் ஆகும்.

அண்மையில் வந்த இதழ்களில் இரண்டு மூன்றையாவது முழுக்கப் படியுங்கள். அதில் வந்த கதைகள் எவ்வளவு நீளம், வட்டார வழக்கில் வரும் உரையாடலை அப்படியே விடுகிறார்களா, கவிதை போடுகிறார்களா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் கடைசி இதழின் தேதியைப் பாருங்கள். தமிழில் நின்றுபோன இணைய இதழ்கள் நிறைய. தளம் மட்டும் அப்படியே இருக்கும், ‘படைப்புகளை அனுப்ப’ என்ற பக்கம்கூட இருக்கும், ஆனால் அந்த மெயிலைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது. அந்த முகவரிக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். முகவரியை எப்போதும் இதழின் தளத்திலிருந்தே எடுங்கள். எவரோ எப்போதோ ஃபேஸ்புக்கில் போட்ட ‘இணைய இதழ்களின் மின்னஞ்சல் பட்டியல்’ வேண்டாம், அதில் பாதி செத்துப்போன முகவரி.

2. யூனிகோடில் இருக்கிறதா என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். யூனிகோட் என்பது எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான பொதுக் குறியீட்டு முறை. கையெழுத்துப் பிரதியைக் கடையில் கொடுத்து டைப் அடித்து வாங்கினால் அது பெரும்பாலும் பழைய ஃபாண்டில்தான் இருக்கும். தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் வானவில், ஸ்ரீலிபி மாதிரி ஏதாவது, இலங்கைப் பக்கம் பாமினி. உங்கள் கணினியில் அழகாகத் தெரியும். அந்த ஃபாண்ட் இல்லாத ஆசிரியரின் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அவர் உங்களைக் கூப்பிட்டு எந்த ஃபாண்ட் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

சோதிப்பது சுலபம். ஒரு பத்தியை காப்பி செய்து உங்கள் வாட்ஸப்பிலேயே ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட். கண்டபடி ஆங்கில எழுத்தாக வந்தால் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் எழுத்துருமாற்றி போன்றவை இருக்கின்றன, காசு கிடையாது. மாற்றிய பிறகு ஒரு முறை முதலிலிருந்து கடைசி வரை படித்தே ஆக வேண்டும். கதையில் நடுவே ஆங்கில எழுத்தில் ஏதாவது இருந்தால் அது புரியாத தமிழாக மாறியிருக்கும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகியிருக்கும், ஸ்ரீ உடைந்திருக்கும், கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். ‘ஔவை’யில் ஔ இருக்க வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது.

இனிமேல் எழுதப்போவதை நேரடியாக யூனிகோடிலேயே அடித்துவிடுங்கள். கணினியில் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என்று எது பழக்கமோ அது. ஆப்பிள் கணினியில் அஞ்சல், தமிழ்99 என்ற விசைப்பலகை முறைகள் இரண்டும் கூடவே வருகின்றன. கைப்பேசியில் ஜிபோர்டோ செல்லினமோ போதும். தமிழ்99 கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும், ஆனால் நீளமாக எழுதுகிறவர்களுக்கு அந்த உழைப்பு வீண்போகாது என்பது என் கட்சி. வாயால் சொல்லி எழுதவைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புள்ளியும் காற்புள்ளியும் பெரும்பாலும் வராது, ள-ல-ழ மாறும், பேச்சு வழக்கை அதுவே ‘திருத்தி’ உங்கள் பாட்டியை வானொலிச் செய்தி வாசிக்க வைத்துவிடும்.

3. ஃபைலைத் தயார் செய்வது

வேர்டு ஃபைல் அல்லது கூகுள் டாக். இதழ் வேறு ஏதாவது கேட்டிருந்தால் அது. பிடிஎஃப் மட்டும் வேண்டாம், அதிலிருந்து தமிழை காப்பி செய்தால் எழுத்துகள் சிதறும், ஆசிரியர் மறுபடி டைப் அடிக்க வேண்டியிருக்கும். பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஃபைலுக்கு ‘புதியது 2 கடைசி’ என்று பெயர் வைக்காதீர்கள். கதையின் தலைப்பும் உங்கள் பெயரும் போதும். ஃபைலுக்குள் முதலில் தலைப்பு, அடுத்து பெயர், அப்புறம் கதை. பூ பார்டர், கலர் எழுத்து, நடுவில் கூகுளில் எடுத்த படம் எதுவும் வேண்டாம். படம் போடுவது அவர்கள் வேலை, அதுவும் கூகுளில் கிடைத்த படத்துக்கு வேறு யாரோ உரிமையாளர்.

கவிதை எழுதுகிறவர்கள் வரி உடைக்கும்போது என்டர் மட்டும் தட்டினால் இணையத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி இடைவெளி விட்டு நிற்கும். ஒரு பத்திக்குள் இருக்கும் வரிகளுக்கு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வரியை வலப்பக்கம் தள்ளியிருந்தால் அது இணையத்தில் காணாமல் போய்விடும். அந்த அமைப்பு கவிதைக்கு அவசியம் என்றால் மெயிலில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். கவிதைகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் மூன்று முதல் ஐந்து வரை ஒரே ஃபைலில் அனுப்புவது நல்லது.

பிழை திருத்த நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாணி எழுத்துப்பிழைக்கு, நாவி சந்திப்பிழைக்கு. அவை சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டாம், உங்கள் பாத்திரம் ‘வந்துட்டாவ’ என்று பேசினால் அது பிழை என்று காட்டத்தான் செய்யும். ஒற்றுப் பிழை ஒன்றிரண்டு இருந்தால் யாரும் கதையைத் தள்ளமாட்டார்கள். முதல் பத்தியிலேயே ன-ணவும் ர-றவும் மாறி மாறிக் கிடந்தால்தான் சிக்கல். காற்புள்ளிக்கு முன்னால் இடம்விடுவது, ஆச்சரியக்குறியை மூன்று நான்காகப் போடுவது, ஒவ்வொரு வாக்கியத்தையும் புள்ளிப் புள்ளியாக இழுத்து முடிப்பது, இவற்றையும் ஒருமுறை உட்கார்ந்து களைந்துவிடுங்கள்.

4. ‘வேறெங்கும் வெளியாகாதது’ என்பதற்கு என்ன அர்த்தம்

இதழ்கள் இப்படிக் கேட்கும்போது அச்சு இதழை மட்டும் சொல்வதில்லை. உங்கள் வலைப்பூ, ஃபேஸ்புக் பதிவு, பிரதிலிபி, வாட்பேட் எல்லாம் சேர்த்தி. முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டதுகூடச் சில ஆசிரியர்களுக்குப் பிடிக்காது. ஃபேஸ்புக்கில் போட்டதை அழித்துவிட்டு அனுப்பினால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், யாராவது அதை எடுத்து வேறெங்காவது ஒட்டியிருந்தால் ஒரு வரியைத் தேடினாலே போதும். ஏற்கெனவே போட்டிருந்தால் மெயிலில் சொல்லிவிடுங்கள். கவிதை என்றால் சிலர் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறுகதைப் போட்டிகள் பலவற்றில் ‘அச்சிலோ இணையத்திலோ வெளிவராதது’ என்ற விதி இருக்கும். இணைய இதழில் ஒருமுறை வந்துவிட்டால் அந்தக் கதைக்குப் போட்டி வாசல் ஏறக்குறைய மூடியது மாதிரிதான். எனவே கைவசம் இருப்பதில் எது போட்டிக்கு, எது இதழுக்கு என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே கதையை ஒரே நேரத்தில் நான்கு இதழுக்கு அனுப்பலாமா? அனுப்பாதீர்கள். தமிழ் இலக்கிய உலகம் சின்னது, ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இரண்டு இதழிலும் ஒரே மாதத்தில் வந்துவிட்டால் இரண்டு பேரும் உங்கள் அடுத்த மெயிலை யோசித்துத்தான் திறப்பார்கள்.

5. மொழிபெயர்ப்பு என்றால் அனுமதிக் கடிதம்

மூல ஆசிரியரின் பெயரைப் போட்டு நன்றி சொல்லிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. போதாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் வரை பதிப்புரிமை உண்டு, மொழிபெயர்க்கும் உரிமையும் அதில் அடக்கம். ஒருவர் 1970-இல் காலமாகியிருந்தால் 2030 டிசம்பர் 31 வரை அனுமதி தேவை. இலங்கையில் அது 70 வருடம்.

இதில் இன்னொரு முடிச்சு. நாம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் மொழிபெயர்க்கிறோம். காஃப்கா 1924-இல் இறந்துவிட்டார், அவருடைய ஜெர்மன் மூலத்துக்கு இங்கே உரிமை முடிந்துவிட்டது, சரி. ஆனால் போன வருடம் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத் தமிழாக்கினால் அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இருக்கிறது. செகாவை (இறப்பு 1904) கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கிலத்திலிருந்து செய்தால் இந்தத் தொல்லை இல்லை, கார்னெட் 1946-லேயே காலமாகிவிட்டார். அதனால் முதல் முயற்சிக்குப் பழைய ஆசிரியர், பழைய மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் தலைவலி குறைவு.

உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் அவருக்கோ அவருடைய பதிப்பாளருக்கோ மெயில் எழுதுங்கள். எந்தக் கதை, எந்த மொழியில், எந்த இதழில், பணம் வாங்காத இதழா என்று நான்கு வரி. இணைய இதழுக்கு ஒரே ஒரு கதை என்றால் பல எழுத்தாளர்கள் சந்தோஷமாகச் சரி என்கிறார்கள். அந்தப் பதில் மெயிலே ஆவணம், அதைப் படைப்போடு சேர்த்து அனுப்புங்கள். மொழிபெயர்த்து முடித்த பிறகு கேட்காமல் தொடங்கும் முன்பே கேட்டுவிட்டால் உழைப்பு மிஞ்சும். மூலத்தின் தலைப்பு, எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு என்பதும் ஃபைலின் அடியில் இருக்கட்டும்.

6. மெயிலில் என்னென்ன இருக்க வேண்டும்

படைப்பு, ஐந்தாறு வரியில் தன்குறிப்பு, முகம் தெளிவாகத் தெரியும் ஒரு புகைப்படம், தொலைபேசி எண். அவ்வளவே. தன்குறிப்பில் ஊர், தொழில், ஏற்கெனவே ஏதாவது வெளியாகியிருந்தால் அது. ஒன்றும் வெளியாகவில்லை என்றால் ‘இது என் முதல் கதை’ என்று எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளியில் வாங்கிய கட்டுரைப் போட்டிப் பரிசெல்லாம் வேண்டாம். புனைபெயரில் வர வேண்டும் என்றால் இப்போதே சொல்லுங்கள், வெளியான பிறகு மாற்றச் சொல்வது எல்லோருக்கும் சங்கடம்.

மெயில் இப்படி இருந்தால் போதும்:

பொருள்: சிறுகதை – கதையின் தலைப்பு – உங்கள் பெயர்

வணக்கம். இந்தத் தலைப்பிலான என் சிறுகதையை இதழின் பரிசீலனைக்கு அனுப்புகிறேன். சுமார் 2,200 சொற்கள். இது என் சொந்தப் படைப்பு. அச்சிலோ இணையத்திலோ சமூக வலைத்தளங்களிலோ இதற்கு முன் வெளியாகவில்லை. வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை. தன்குறிப்பும் புகைப்படமும் இணைத்துள்ளேன். அன்புடன், பெயர், ஊர், தொலைபேசி எண்.

கதையின் சுருக்கம், கதை சொல்லவரும் கருத்து, இதை எழுதும்போது நீங்கள் அழுத கதை இவை எதுவும் தேவையில்லை. மெயிலை எல்லா இதழுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி எல்லா முகவரியும் மேலே தெரியும்படி விடுவதைப் போல ஆசிரியரை எரிச்சல்படுத்துவது வேறொன்றில்லை. அனுப்பும் பொத்தானைத் தட்டும் முன் ஃபைல் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா, கூகுள் டாக் என்றால் மற்றவர் திறக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை எழுதவோ மொழிபெயர்க்கவோ பயன்படுத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது எழுதும் தமிழ் எப்படி இருக்கும் என்பது இதழாசிரியர்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

7. செலவும் சன்மானமும்

தமிழ் இணைய இதழுக்குப் படைப்பு அனுப்பக் கட்டணம் கிடையாது. ஒரு பைசா கேட்டாலும் நின்று யோசியுங்கள். ‘தொகுப்பு நூலில் உங்கள் கவிதையும் இடம்பெற’ பணம் கட்டச் சொல்லி வாட்ஸப்பில் சுற்றும் அறிவிப்புகள் இருக்கின்றனவே, சான்றிதழும் உலக சாதனைப் பட்டமும் தருகிறோம் என்று, அவற்றில் தேர்வு என்று ஒன்று நடப்பதே இல்லை. பணம் கட்டிய எல்லோர் கவிதையும் வரும். அந்த நூலை வாங்குவதும் கட்டியவர்கள்தான்.

சன்மானமும் பெரும்பாலான இதழ்களில் இல்லை. ஆசிரியர் குழுவினரே வேறு வேலை பார்த்துக்கொண்டு கைக்காசில்தான் தளத்தை நடத்துகிறார்கள். கொடுக்கும் இதழ் என்றால் வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, சில சமயம் பான் எண் கேட்பார்கள். அதெல்லாம் கதை ஏற்கப்பட்ட பிறகுதான். முதல் மெயிலிலேயே கேட்கிற இதழுக்குக் கொடுக்காதீர்கள்.

கதையைத் திருடிவிடுவார்கள் என்ற பயத்தில் முதலில் பதிப்புரிமை பதிவு செய்ய ஓடுகிறவர்கள் உண்டு. எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. இந்தியாவில் ஒரு இலக்கியப் படைப்பைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய், இடைத்தரகர்கள் வாங்குவது அதற்கு மேல் பல மடங்கு. ஒரு சிறுகதைக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பேன். தேதியோடு அனுப்பிய மெயிலே ஓரளவு சாட்சி.

8. காத்திருப்பது

கிடைத்தது என்றுகூடப் பதில் வராமல் இருக்கலாம். அது அவமதிப்பு இல்லை, ஆள் பற்றாக்குறை. தளத்தில் கால அளவு சொல்லியிருந்தால் அதுவரை பொறுங்கள். சொல்லாவிட்டால் ஆறு முதல் எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பழைய மெயிலுக்கே பதிலாக இரண்டு வரி: இந்தத் தேதியில் அனுப்பிய கதை பரிசீலனையில் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். அதற்கும் இரண்டு மூன்று வாரம் பதில் இல்லையென்றால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு மெயில் போட்டுவிட்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள். இந்தக் கடைசி மெயிலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் ஒரே கதை இரண்டு இடத்தில் வந்து நிற்கிறது.

ஆசிரியரின் தனி எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸப்பில் ‘சார் கதை படிச்சீங்களா’ என்று கேட்பது, இரவு பத்து மணிக்கு மெசஞ்சரில் கை அசைப்பது, புத்தகக் காட்சியில் மடக்குவது எல்லாம் வேண்டாம்.

‘இதழுக்குப் பொருந்தவில்லை’ என்று வந்தால் நன்றி சொல்லிவிட்டு விடுங்கள், ஏன் என்று விவாதிக்க வேண்டாம். ஆனால் ‘முடிவை மட்டும் மறுபடி பாருங்கள்’ என்று எழுதியிருந்தால் அது நிராகரிப்பு இல்லை. அப்படி எழுத அவர் நேரம் செலவழித்திருக்கிறார். நீங்கள் ஒத்துக்கொண்டால் திருத்தி அனுப்புங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏன் என்று பணிவாகச் சொல்லுங்கள், இரண்டுமே செல்லும்.

9. ஏற்றுக்கொண்ட பிறகு

திருத்திய பிரதியைக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். எல்லோரும் காட்டுவதில்லை, ஆனால் கேட்பது தப்பில்லை. வெளியான அன்றே முழுக்கப் படித்து, பத்தி விடுபட்டிருந்தாலோ பெயர் தப்பாக வந்திருந்தாலோ உடனே எழுதுங்கள், இணையத்தில் திருத்துவது ஐந்து நிமிட வேலை. ஃபேஸ்புக்கில் சுட்டியைப் பகிருங்கள், முழுக் கதையையும் அங்கே ஒட்டாதீர்கள்.

உரிமை விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. எழுத்து மூலம் எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது. ஏதாவது ஒப்பந்தம் வந்தால் எத்தனை வருடம் என்று பாருங்கள். இந்தியச் சட்டத்தில் காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான். ‘நிரந்தரமாக, எல்லா வடிவங்களிலும்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிண்டிலில் புத்தகம் போடும் எண்ணம் இருந்தால் இதையும் கவனியுங்கள். அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால், சேர்ந்திருக்கும் 90 நாளும் அந்தப் படைப்பு மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. இணைய இதழில் இருக்கும் கதையை அதில் சேர்த்தால் அமேசானிடமிருந்து எச்சரிக்கை வரலாம். இதழ்க்காரர்களிடம் போய்க் கதையை எடுங்கள் என்று கேட்பது நன்றாகவும் இருக்காது. செலக்டில் சேர்க்காமல் சாதாரணமாக வெளியிட்டால் இந்தத் தடை இல்லை.

வெளியான பக்கத்தைப் பிடிஎஃப்பாக ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். கூடவே இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தச் சுட்டியைக் கொடுத்துப் பதிந்துவையுங்கள், இலவசம்தான். டொமைனுக்குப் பணம் கட்டாமல் விட்டோ தளத்தை மாற்றும்போதோ பழைய இதழ்கள் மொத்தமாகக் காணாமல் போவது தமிழில் சகஜம். எந்தக் கதை, எந்த இதழ், அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, வெளியான சுட்டி என்று ஒரு எக்செல் தாளில் எழுதிவாருங்கள். தொகுப்பு போடும் காலம் வரும்போது பதிப்பாளர் கேட்கிற முதல் பட்டியல் அதுதான், நன்றிப் பக்கத்தில் இதழ்களின் பெயரைப் போடவும் அதுவே உதவும்.